நாயை மாத வாடகைக்கு எடுக்கலாமா?

சென்னையின் தென்பகுதியில் அடுக்ககம் ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

கணவன் மனைவி இருவருமே வேலைக்குச் செல்பவர்கள். கணவருக்கு ஷிப்ட் முறை. ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரே மகள் நெடுநாளாக நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கோடை விடுமுறையும் பொங்கலும் இவர்களுக்குத் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊரில்தான். ஓரிரு ஆண்டுகளில் கணவருக்கு வெளிநாட்டு மாற்றல் வரவும் வாய்ப்புண்டு. இந்த நிலையில் நாய் வாங்குவது சரியாக வராது என்று தயங்கியவர்களிடம், நாய் இனவிருத்தியும் நாய் விடுதியும் நடத்தும் ஓர் அறிமுகக்காரர், பெண் லாப்ரடார் ஒன்றை 15,000 ரூபாய் வைப்புத்தொகைக்கும் மாதம் 6,000 ரூபாய் வாடகைக்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிடிக்காவிட்டால் வேறு நாய் மாற்றித் தரப்படும். வேண்டாமென்றால் எந்த மாதமும் திருப்பிக் கொடுத்துவிடலாம். "மூணு வயசுதான் ஆகுது, மூணு தடவை குட்டி போட்ட நாய், குழந்தைங்ககிட்ட ரொம்ப சாது" என்பது அவர் கொடுத்த உத்தரவாதம். நேரில் போய்ப் பார்த்த மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லையாம். 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது; ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை. ஒப்பந்தத்தின் படத்தையும் நாயின் படத்தையும் கடிதத்துடன் அனுப்பியிருக்கிறார்.

வீட்டில் கருத்து இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஓர் உயிரை வாடகைக்கு எடுப்பது பாவம் என்கிறார் மாமியார். ஆசைக்கு வாங்கி, அலுத்தபின் தெருவில் விடுகிறவர்களைவிட வாடகைக்கு எடுப்பவன் நேர்மையானவன் என்கிறார் கணவர். வாசகி கேட்பவை இவை: இது சட்டப்படி தவறா? அறத்தின்படி தவறா? நாய் யாரையாவது கடித்துவிட்டால், உரிமையாளர் நாங்கள் இல்லை என்பதால் பொறுப்பும் எங்களுக்கு இல்லைதானே? அடுக்ககச் சங்கச் செயலாளர், "சொந்த நாயென்றால் சரி, வாடகை நாய்க்கு அனுமதி கிடையாது" என்கிறாரே, அது செல்லுமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பண்டிகைக்குப் பரிசாக வந்த குட்டிகள் ஆறே மாதத்தில் காப்பக வாசலில் கட்டப்பட்டுக் கிடக்கும் நகரம் இது. தன்னால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுப்பேற்க இயலாது என்று முன்கூட்டியே உணர்ந்து தயங்குபவரைக் குறை சொல்ல மாட்டேன். உயிரை வாடகைக்கு விடுவதே பாவம் என்ற உங்கள் மாமியாரின் வாதத்தை மட்டும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. உழவுக்கு மாடும் வண்டியும் வாடகைக்குப் பிடித்ததும், வயலில் ஆட்டுக்கிடை போடக் கூலி கொடுத்ததும், வாரத்துக்கு, அதாவது பலனில் பங்குக்கு, ஆடு வளர்த்ததும் நம் ஊர்களில் நடந்தவைதாம். வாரத்தில் ஆட்டை வாங்கிக் கொடுத்தவர் ஒருவர், மேய்த்தவர் வேறொருவர். ஆனால் மேய்ப்பவர் மாறமாட்டார், நோய் வந்தால் யார் பார்ப்பது என்பதில் குழப்பம் இராது. உங்களிடம் நீட்டப்பட்டிருக்கும் ஒப்பந்தத்தில் அந்தத் தெளிவு இல்லை என்பதுதான் என் கவலை.

உரிமையாளர் இல்லை என்பதால் பொறுப்பு நீங்காது

நாயை வாடகைக்கு விடுவதைப் பெயர் சொல்லித் தடுக்கும் மத்தியச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2017-ஆம் ஆண்டின் நாய் இனவிருத்தி மற்றும் விற்பனை விதிகளும் 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளும் இனவிருத்தியையும் விற்பனையையும் பற்றியே பேசுகின்றன. ஆகவே நீங்கள் வாடகைக்கு எடுப்பது குற்றமாகாது. ஆனால் உரிமையாளர் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று அடுத்த படியாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் முடிவு தவறானது.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, 'உரிமையாளர்' என்பவர் யார் என்று வரையறுக்கும்போது, அந்த நேரத்தில் விலங்கைத் தன் வசத்தில் அல்லது பாதுகாப்பில் வைத்திருக்கும் எவரையும் சேர்த்துக்கொள்கிறது. அதாவது நாய் உங்கள் வீட்டில் இருக்கும் வரை, அந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்களும் உரிமையாளரே. போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமை, குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைத்தல், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை வெளியே நடக்க அழைத்துச் செல்லாமை ஆகியவை 11-ஆம் பிரிவின்படி குற்றங்கள். முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்று அன்று எழுதியது இன்றும் அப்படியே நிற்கிறது என்பது நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி. அதைப் பார்த்துப் பொறுப்பே சிறியது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

கடிபட்டால் நிலைமை இன்னும் கடுமையானது. தன் வசத்தில் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய எச்சரிக்கை எடுக்காதவருக்கு, பாரதிய நியாய சம்ஹிதை என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. அங்கேயும் கேட்கப்படுவது 'யாருடைய நாய்' என்பதன்று, 'யார் கையில் இருந்தது' என்பதே. மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பையனை நாய் கடித்துவிட்டால் காவலர் உங்கள் கதவைத்தான் தட்டுவார். விடுதிக்காரரின் விலாசத்தைக் காட்டி விலகிவிட முடியாது. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் யார் பெயரில் இருக்கின்றன என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

ஒப்பந்தத்தில் உள்ளவையும் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவையும்

சட்டத்தின் பார்வையில் நாய் ஓர் உடைமை என்பதால், இந்த வாடகை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஒருவர் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பது பற்றிய அத்தியாயத்துக்குள் வருகிறது. விலங்கை இரவல் வாங்குவதும் வாடகைக்குப் பிடிப்பதும் அன்றாட வழக்கமாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட சட்டமாகையால், அதன் எடுத்துக்காட்டுகளில் குதிரைகளும் மாடுகளும் வருகின்றன. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் அதை மறைத்து இரவல் கொடுத்தால், விழுந்து அடிபட்டவருக்குக் கொடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்கிறது 150-ஆம் பிரிவு. வாடகைக்குக் கொடுத்தவருக்கோ இன்னும் ஒரு படி கூடுதல் பொறுப்பு: குறை தமக்கே தெரியாது என்று சொல்லியும் அவர் தப்ப முடியாது. 'நாயால் ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல' என்ற உங்கள் ஒப்பந்தத்தின் நான்காம் விதி இந்தப் பாதுகாப்பைத்தான் உங்கள் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது.

நாய் இறந்தால் காரணம் எதுவாயினும் 40,000 ரூபாய் தர வேண்டும் என்பது ஏழாம் விதி. சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போலக் காத்தும் இழப்பு நேர்ந்தால் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பில்லை என்பதே 151, 152 ஆகிய பிரிவுகளின் பொது விதி. ஆனால் தனி ஒப்பந்தம் இருந்தால் அந்தப் பொது விதி விலகிவிடும். நீங்கள் ஏழாம் விதியில் கையெழுத்திடுவது அந்தத் தனி ஒப்பந்தத்தைச் செய்துகொள்வதற்குச் சமம். நாய்க்கு முன்பே இருந்த இதயக் கோளாறுக்கும் நீங்களே விலை கொடுப்பீர்கள்.

'நகர எல்லைக்குள் மட்டும்' என்று இரண்டாம் விதி சொல்கிறது. பொங்கலுக்கு நாயையும் ஊருக்குக் கூட்டிப்போவோம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கல்கத்தாவில் காசிக்குப் போவதாகச் சொல்லி வாடகைக்குப் பிடித்த குதிரையை ஒருவர் கட்டாக்குக்கு ஓட்டிச் செல்கிறார், கவனமாகத்தான் ஓட்டுகிறார், குதிரை தற்செயலாக விழுந்து காயப்படுகிறது, ஈடு அவரே தர வேண்டும். 154-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு இது. உங்கள் திருநெல்வேலிப் பயணத்துக்கு அப்படியே பொருந்தும்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விதி

கடிதத்தில் 'மற்றவை சாதாரண நிபந்தனைகள்' என்று நீங்கள் ஒதுக்கிவிட்டவற்றில் பதினோராம் விதியும் ஒன்று. நாய் பருவத்துக்கு வரும்போது நிறுவனம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அந்தக் காலத்துக்கு வேறு நாய் வழங்கப்படும் என்கிறது அது. இனவிருத்தி செய்பவர் ஒருவர் பருவத்துக்கு வந்த பெண் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வது எதற்காக என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த நாய்க்கு ஆகும் தீனிச் செலவையும் மருத்துவச் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் மாதம் 6,000 ரூபாயும் கொடுப்பீர்கள். குட்டிகளை விற்கும் பணம் அவருக்கு.

இப்போது அவர் பெருமையாகச் சொன்ன கணக்கைப் பாருங்கள். பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் நிறைந்த பிறகே இணை சேர்க்க வேண்டும், அடுத்தடுத்த பருவங்களில் ஈன வைக்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு விதிகளின் நிபந்தனை. நாயின் சினைக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். எனவே முதல் பிரசவம் இருபதாவது மாத வாக்கில், இரண்டாவது முப்பத்திரண்டாவது மாத வாக்கில் வரும். மூன்றாவது பிரசவம் மூன்றரை வயதைத் தாண்டாமல் வர வழியில்லை. மூன்று வயது, மூன்று பிரசவம் என்பது உண்மையானால் விதி மீறப்பட்டிருக்கிறது. விதி மீறப்படவில்லை என்றால் வயது பொய். நீங்கள் அனுப்பிய படத்தில் முன்னங்கால் முழங்கைகள் இரண்டிலும் முடி உதிர்ந்து, தோல் சாம்பல் நிறத்தில் தடித்துக் காய்த்திருக்கிறது. உடல் கனத்த நாய்களுக்கு வயதாகும்போது இது வருவதுண்டு என்றாலும், இளம் வயதில் இவ்வளவு காய்ப்பு இருந்தால் வெறும் சிமெண்டுத் தரையில் நெடுநேரம் படுத்துக் கிடந்திருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது. அந்த விடுதி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பதிவுச் சான்று கூடத்தில் பார்வைக்கு மாட்டப்பட்டிருந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

அப்படியென்றால் வாடகை என்பதே அறமற்றதா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்வது எளிது. ஆனால் சான்றுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நாய் தன் மனிதரிடம் கொள்ளும் பற்று, குழந்தை தாயிடம் கொள்ளும் பற்றின் கூறுகள் சிலவற்றைக் கொண்டது என்பதை புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அதே குழுவினரின் 2001-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நெஞ்சைத் தொடுவது: காப்பகத்தில் வளரும் நாயுடன் ஒருவர் பத்து நிமிடம் வீதம் மூன்று முறை பழகினாலே அவரிடம் அது பற்றுக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. 'நாய்க்கு மாற்றம் பழகிவிடும், மறந்துவிடும்' என்று விடுதிக்காரர் சொன்னதை நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் உயிரைச் சீக்கிரம் மறந்துவிடும் உயிர் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மறுபக்கம், 2019-இல் வெளியான ஆய்வொன்று அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களிலிருந்து 200-க்கும் மேற்பட்ட நாய்களை ஓரிரு இரவு வீடுகளில் தங்கவைத்து, அவற்றின் சிறுநீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் அளவைப் பார்த்தது. வீட்டில் இருந்தபோது அளவு குறைந்தது. காப்பகம் திரும்பியதும் பழைய அளவுக்கு வந்தது, அதற்கு மேலே போகவில்லை. ஆகவே சில நாள் வேறு வீட்டில் தங்குவதே நாய்க்குக் கொடுமை என்று வாதிட முடியாது. கூண்டிலிருந்து சற்று விடுபட்ட நாய்க்கு அது ஓய்வு. ஆனால் அந்த நாய்களைக் காப்பகம் அனுப்பியது அவற்றுக்கு நிரந்தர வீடு தேடும் முயற்சியின் நடுவில். உங்களுக்கு வரும் நாய்க்கு அப்படி ஒருவரும் வீடு தேடவில்லை.

அமெரிக்காவில் 2007-இல் சான் டியேகோவில் தொடங்கிய ஃப்ளெக்ஸ்பெட்ஸ் என்ற நிறுவனம், சந்தா கட்டியவர்களுக்கு நாய்களை நாள் கணக்கில் கொடுத்தது. காப்பகங்களிலிருந்து மீட்ட நாய்கள், பலரின் அன்பு கிடைக்கிறது என்பது அவர்கள் தரப்பு. பாஸ்டன் நகர மன்றம் 2008-இல் செல்லப்பிராணி வாடகையைத் தடை செய்தது. நிறுவனமும் நெடுநாள் நீடிக்கவில்லை. பிரிட்டனில் 2012-இல் தொடங்கிய பாரோமைடாகி வேறு வழியில் சென்றது. அங்கே நாய்க்கு ஒரு நிரந்தர வீடும் ஒரு நிரந்தர மனிதரும் உண்டு. அக்கம்பக்கத்தில் நாய் வளர்க்க இயலாதவர்கள் அதைச் சில மணி நேரம் நடத்திச் செல்லவும், உரிமையாளர் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளவும் வருகிறார்கள். இரண்டிலும் நாய் கைமாறுகிறது என்றாலும், வருமானம் ஈட்டாத நாளில் அந்த நாய் யாருடையது என்பதற்கு இரண்டாவதில் பதில் இருக்கிறது. இடுப்பு மூட்டு தேய்ந்து படியேற முடியாத எட்டு வயது லாப்ரடாரை எந்தக் குடும்பமும் மாதம் 6,000 ரூபாய் கொடுத்து எடுக்காது. அன்று அது எங்கே இருக்கும் என்று விடுதிக்காரரிடம் கேளுங்கள். (கட்டடம் எழும்பும் மனைகளுக்கு இரவுக் காவலுக்காக வாடகைக்கு விடப்படும் நாய்களின் கதி இதைவிட மோசம். காவல் நாய் பணியில் இருக்கையில் அதைக் கட்டுப்படுத்தும் ஆள் உடனிருக்க வேண்டும் என்று பிரிட்டன் 1975-லேயே சட்டம் செய்தது. நாம் இன்னும் அங்கே வரவில்லை.)

'மாற்றித் தரப்படும்' என்ற வாக்குறுதியை உங்கள் மகளின் இடத்திலிருந்தும் பாருங்கள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது அந்த ஒரு நாயைத்தான். பருவ காலத்தில் அது போய் வேறொன்று வந்து நிற்கும்போது அவளிடம் என்ன சொல்வீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேறு வழிகள்

நாய் வாங்குவது அல்லது வாடகைக்கு எடுப்பது என்ற இரண்டே வழிகள்தாம் இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பச் சூழலுக்கு மிகவும் ஏற்றது தற்காலிகப் பராமரிப்பு என்பேன். அறுவை முடிந்த நாய்களையும் தாயை இழந்த குட்டிகளையும் சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் காப்பகங்களும் தன்னார்வலர்களும் ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. முதலில் ஞாயிறுதோறும் மகளுடன் அங்கே போய்வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். இங்கே பிரிவு வரும் என்பது முதல் நாளே தெரியும். அந்தப் பிரிவும் நாய் நல்ல வீடு சேர்வதற்கானது என்று மகளிடம் உண்மையைச் சொல்லலாம்.

இன்னொரு வழி, அந்த லாப்ரடாரையே நிரந்தரமாகக் கேட்பது. இனி ஈன வைக்க மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்து, கருத்தடை செய்து, உரிமத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தந்தால் யோசிக்கலாம். முன்னதாக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி வயதையும் இடுப்பு மூட்டையும் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டு மாற்றல் வந்தால் ஊரில் யார் வைத்துக்கொள்வார்கள் என்பதை இன்றே பேசி முடிக்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். அவர் மறுத்துவிடவும் கூடும். பதினோராம் விதியை எழுதியவர் எளிதில் விடமாட்டார்.

சங்கச் செயலாளர் விஷயம் சிறியது. செல்லப்பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சொந்த நாய், வாடகை நாய் என்ற பாகுபாட்டுக்கு அதில் இடமில்லை. ஆனால் தடுப்பூசிச் சான்று கேட்க அவருக்கு நியாயம் உண்டு. உங்கள் வீட்டு உரிமையாளருடன் நீங்கள் செய்துகொண்ட வாடகை ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதையும் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, 2,000 ரூபாய். இப்போதுள்ள வடிவில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. நிபந்தனைகள் முடிவாகாததால் ஒப்பந்தம் ஏற்படவில்லை, முன்பணத்தைத் திருப்பித் தரவும் என்று வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லாமல் பதிவுத் தபாலிலும் எழுதி அனுப்புங்கள். பணம் அனுப்பிய ஆதாரத்தின் நகலை இணையுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். நுகர்வோருக்குப் பாதகமான ஒருதலைப்பட்ச விதிகளை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தனியே வரையறுத்திருப்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே பணம் திரும்பி வந்துவிடும். பிரசவக் கணக்கைப் பற்றி மாநில விலங்கு நல வாரியத்துக்கு எழுதுவதானால், பணம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனிக் கடிதங்களாக எழுதுங்கள்; ஒன்றில் மற்றொன்றைச் சொல்லி மிரட்டுவது போன்ற தொனி மட்டும் வந்துவிடக் கூடாது.